ஊடல் கதவைத் திறக்காத ஒப்பிலம்மையார்

புங்கந்துறைக் கோயிலின் மடைப்பள்ளிக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் ஓர் அம்மிக்கல் கிடந்தது. நாள்தோறும் கிழக்கு வெளுக்கும் வேளையில் ஒரு பெண்மணி அதன் முன் வந்து அமர்வார். முதலில் கல்லைக் கழுவுவார். கழுவிய நீரில் சிறிது எடுத்துத் தம் தலையில் தெளித்துக்கொள்வார். பிறகு ஊறவைத்த மஞ்சள் கிழங்குகளைத் தட்டி அரைக்கத் தொடங்குவார். அந்த ஊர் அம்மையான பொறுத்தாண்ட நாயகிக்குத் தினமும் மஞ்சள் காப்பு உண்டு. அதற்கு மஞ்சள் அரைத்துக் கொடுப்பது அவருடைய பணி. பெயர் ஒப்பிலாள். இன்று ஊரார் அவரை ஒப்பிலம்மையார் என்று கைகூப்பிச் சொல்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. எப்போதும் கறை படிந்திருந்த விரல்களைப் பார்த்து 'மஞ்சக்கை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் அரைக்கும் மஞ்சளை வாழையிலையில் தடவிப் பார்த்தால் ஒரு திப்பிகூடக் கண்ணில் படாது. ஒவ்வோர் இழுப்புக்கும் "அம்மா" என்று ஒரு முறை சொல்வார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த மந்திரம். படிப்பு இல்லை, பாட்டு வராது. அரைத்த விழுதை வெண்கலக் கிண்ணத்தில் வழித்து நாகநாத குருக்களிடம் கொடுத்துவிட்டு, தூரத்தில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். அம்மைக்கு அரைத்ததில் ஒரு பொட்டுகூடத் தம் முகத்துக்கு எடுத்ததில்லை.

இந்தப் பணி யாருக்கு வேண்டுமானாலும் கிடைப்பதன்று. உற்சவ காலங்களில் சுவாமியைத் தோளில் சுமப்பவர்களுக்குச் சீபாதந்தாங்கிகள் என்று பெயர். அவர்களில் பல்லக்கின் முன்தண்டைத் தாங்கும் தலைவரின் மனைவியே அம்மைக்கு மஞ்சள் அரைக்க வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். ஒப்பிலம்மையாரின் கணவர் தில்லைமுத்து முன்தண்டுக்காரர். ஆள் வாட்டசாட்டமானவர். சுமந்து சுமந்து அவருடைய வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு ஏறியிருந்தது. மாலையில் விளக்கேற்றியதும் அம்மையார் நல்லெண்ணெயைச் சுடவைத்து அந்தக் காய்ப்பில் தேய்த்துவிடுவார். "சாமி உக்காந்த எடமுங்க இது" என்பார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் அது தவறியதில்லை. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அதுதான் அவருக்குப் பெருமை.

அந்தப் பெருமைக்குத்தான் ஆபத்து வந்தது. அது வந்த வழியைச் சொல்வதற்கு முன் அந்த ஊரின் ஊடல் உற்சவத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மாசி மாதத்தில் சுவாமி ஆற்றைக் கடந்து அக்கரை மண்டபத்துக்கு எழுந்தருளி மூன்று நாள் தங்குவார். ஆற்றங்கரை என்றால் கங்கையின் வீடு என்பது ஊராரின் கணக்கு. தலையிலே ஒருத்தியை வைத்திருப்பது போதாதென்று அவள் வீட்டுக்கும் போய்த் தங்கினால் எந்த மனைவிதான் சும்மா இருப்பாள்? நான்காம் நாள் உச்சிவேளையில் சுவாமி திரும்பி வரும்போது அம்மை சன்னிதியின் பெரிய கதவு சாத்தியிருக்கும். உள்ளே அம்மையின் செப்புத் திருமேனி வீற்றிருக்கும். தாழைப் பிடித்துக்கொண்டு, அம்மைக்காகப் பேசுவது மஞ்சள் அரைப்பவரின் உரிமை. வெளியே சுவாமிக்காக ஓதுவார் பேசுவார். இரண்டு பக்கமும் பேச வேண்டிய சொற்கள் தலைமுறை தலைமுறையாக வந்தவை. ஓதுவார் மூன்று முறை கேட்பார். இரண்டு முறை அம்மை மறுப்பாள். மூன்றாம் முறை மனம் இரங்கிக் கதவு திறப்பாள். அதுவரை சுவாமியைக் கீழே இறக்கக் கூடாது, தண்டுக்கு முட்டுக்கோலும் கொடுக்கக் கூடாது. சுமப்பவர்களின் தோளிலேயே அவர் காத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளாக ஒப்பிலம்மையார் அந்தத் தாழைப் பிடித்து, அந்தச் சொற்களைச் சொல்லி, கதவைத் திறந்து வந்தார். பன்னிரண்டாம் ஆண்டும் அப்படித்தான் திறந்தார். சுவாமி உள்ளே எழுந்தருளினார். தீபாராதனை பார்த்துக் கண்ணீர் மல்க வீட்டுக்குப் போனார். வீட்டுக் கூடத்தில் புதுப் புடவையும் புதுத் தாலியுமாக ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பெயர் நீலாயி. அக்கரைக்காரி. சுவாமி மண்டபத்தில் தங்கிய அந்த மூன்று நாளில் தில்லைமுத்து அவளுக்குத் தாலி கட்டிக் கூட்டிவந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அது அப்பிடி அமைஞ்சு போச்சு" என்றார். ஆண்கள் செய்துவிட்ட காரியங்கள் எல்லாம் எப்போதும் அமைந்துதான் போகின்றன.

அம்மையார் உள்ளே போய் மூன்றாவது இலை போட்டார்.

அடியார்களின் கதையைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் வழக்கமாக, "அன்று முதல் அவர் நீலாயியைத் தங்கையாக ஏற்றார்" என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. ஒப்பிலம்மையாருக்குப் பொறாமை வந்தது. வயிறு எரிந்தது. அடியாருக்குப் பொறாமை வருமா என்று கேட்பவர்கள் அடியாரை மரக்கட்டை என்று நினைத்திருக்கிறார்கள்.

வீட்டைப் பங்கு போட்டதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் மூன்றாம் நாள் மாலை எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டு கூடத்துக்கு வந்தபோது, நீலாயி ஏற்கெனவே கணவரின் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தில்லைமுத்து கண்ணை மூடிச் சுகமாக உட்கார்ந்திருந்தார். "அங்கதான் புள்ள, அந்த எடந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மையார் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை அடுக்களையில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் நின்றார். கிண்ணத்தில் எண்ணெய் ஆறுகிற வரைக்கும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு நீலாயியின் ஒவ்வோர் அசைவும் உறுத்தியது. அவள் சிரித்தால் உறுத்தியது. அவள் சிரிக்காமல் இருந்தால், எதை நினைத்துச் சிரிக்காமல் இருக்கிறாள் என்று உறுத்தியது. அவளுக்குத் தலைமுடி முழங்கால் வரைக்கும் தொங்கும். ஒருநாள் அதில் பேன் விழட்டும் என்று நினைத்தார். நினைத்த மறுகணமே "சிவசிவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொரு நாள் நீலாயிக்கென்று எடுத்துவைத்த குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டார். பிறகு நல்ல குழம்பை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அந்த உப்புக் குழம்பைத் தாமே ஊற்றிச் சாப்பிட்டு, அன்று முழுவதும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்.

அவருடைய மனநிலையை முதலில் கண்டுபிடித்தது மஞ்சள்தான். மனம் வேறெங்கோ இருந்தால் கை அழுந்தாது. "ஏம்மா ஒப்பிலா, ரெண்டு மூணு நாளா மஞ்சள் நறநறன்னு இருக்கே. அம்பாள் திருமேனில கீறாதோ?" என்றார் நாகநாத குருக்கள். அம்மையார் பதறிப்போய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் அரைத்தார். அந்த ஆண்டு அவர் மறுபடியும் அரைத்த நாட்கள் பல.

ஊர் சும்மா இருக்குமா? குளத்தங்கரையில் துணி துவைக்கும் பெண்கள், "அம்மனுக்கு அரைச்சுக் குடுத்த மஞ்சள்ல கொஞ்சம் நீயும் பூசியிருந்தா அக்கரைக்குப் போயிருப்பாரா?" என்று சிரித்தார்கள். வேறு சிலர் நல்லவர்கள். அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் இன்னும் கனமாக இருந்தது. "பொறுத்துப் போடி. நம்ம அம்மன் பேரே பொறுத்தாண்டவ. அவளே பொறுத்துக்கலயா?" என்றார்கள். அந்த ஊரில் கணவன் அடித்த பெண்ணுக்கும் அதே ஆறுதல்தான். குடிகாரனின் மனைவிக்கும் அதேதான். ஒவ்வொருத்தியும் அம்மை சன்னிதிக்கு வந்து, விளக்கு ஏற்றி, பொறுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அம்மையின் பெயரை வைத்து ஊரில் எத்தனையோ ஆண்கள் சௌகரியமாக வாழ்ந்தார்கள்.

ஒப்பிலம்மையாரும் கேட்டார். வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி கிடந்தார். நூற்றெட்டுச் சுற்று சுற்றினார். கணவர் மனம் மாற வேண்டும் என்று அவர் வேண்டவில்லை. நீலாயி போய்விட வேண்டும் என்றும் வேண்டவில்லை. அவருடைய வேண்டுதல் ஒன்றே ஒன்று. "அம்மா, இந்தப் பொறாமைய எடுத்துக்க. இத வயித்துல வச்சுக்கிட்டு உனக்கு மஞ்சள் அரைக்க எனக்குக் கூசுது." அம்மை எடுத்துக்கொள்ளவில்லை. ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று. பொறாமை நெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

தை மாதத்தில் நீலாயிக்கு ஐந்து மாதம். ஒருநாள் தில்லைமுத்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, தூணைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இந்த வருசம் ஊடல் முடிஞ்சதும் அந்தக் கல்ல நீலாயிகிட்டக் குடுத்துரு."

"எந்தக் கல்லுங்க?"

"மஞ்சக் கல்லுதான். கோயில் மணியக்காரருகிட்டப் பேசிட்டேன். தலைக்காரன் பொண்டாட்டி அரைக்கணும்ங்கிறதுதானே வழக்கம். எந்தப் பொண்டாட்டின்னு யாரும் சொல்லலயாம். இவளும் எம் பொண்டாட்டிதானே. ஊருல இவளுக்கும் ஒரு மதிப்பு வேணாமா?"

"எனக்கு?"

"நீதான் பன்னெண்டு வருசம் அரைச்சுட்டியே."

அம்மையார் அன்று உச்சிப் பூசை முடிந்து சன்னிதி காலியான பிறகு அம்மையின் முன்னால் போய் நின்றார். எப்போதும் தூரத்தில் நின்று கும்பிடுகிறவர், அன்று படியருகே வரைக்கும் போனார். "கூடத்தக் கேட்டாரு, குடுத்தேன். தோளக் கேக்காமயே எடுத்துக்கிட்டாரு, விட்டேன். இப்ப உன்னையும் குடுக்கச் சொல்றாரு. நான் எங்க போவேன்?" என்று வாய்விட்டு அழுதார். அம்மை மஞ்சள் காப்பில் சிரித்தபடி இருந்தாள். அன்றைய மஞ்சளும் நறநறப்பாகத்தான் இருந்தது.

மாசியும் வந்தது. சுவாமி அக்கரைக்குப் போனார், மூன்று நாள் தங்கினார். நான்காம் நாள் அதிகாலையில் அம்மையார் கடைசி முறையாகக் கல்லின் முன்னால் அமர்ந்தார். கை அழுந்தவில்லை. கண்ணீர் கல்லில் விழுந்து விழுந்து மஞ்சளோடு கலந்தது. எவ்வளவு அரைத்தும் அது மையாக வரவில்லை. குருக்கள் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது வேண்டாம்மா. நேத்தைய மஞ்சள் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதை வச்சுச் சமாளிச்சுடறேன்" என்றார். அவருக்கும் விஷயம் தெரியும். அதனால் குரலில் கடுமை இல்லை. கிண்ணத்தை அம்மை சன்னிதிக்குள் கதவருகே இருந்த விளக்கு மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். கடைசி நாள் மஞ்சளையும் அம்மை ஏற்கவில்லை என்று அம்மையார் மனம் உடைந்தது. கைகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினார். விரல்களில் ஒட்டியிருந்த விழுது போயிற்று. பன்னிரண்டு வருடத்துக் கறை மட்டும் போகவில்லை.

உச்சிவேளை. மேளம் வந்தது. ஊர் முழுதும் சன்னிதி வாசலில் திரண்டிருந்தது. உள்ளே செப்புத் திருமேனியில் பட்டுடுத்தி அம்மை அமர்ந்திருந்தாள். கதவின் உட்புறம் ஒப்பிலம்மையார் தாழில் கைவைத்து நின்றார். பின்னால் குருக்கள் தீபத்தட்டோடு நின்றார். உள்ளே வேறு யாரும் இல்லை. வெளியே பல்லக்கின் முன்தண்டு தில்லைமுத்துவின் தோளில் இருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில், கதவு திறந்ததும் உரிமையை வாங்கிக்கொள்வதற்காக நீலாயி புதுப் புடவை கட்டி நின்றாள்.

ஓதுவார் குரல் எழுந்தது. "ஐயன் வந்திருக்கிறார். அம்மை கதவு திறக்க வேண்டும்!"

அம்மையார் பதில் சொன்னார். "மூன்று நாள் எங்கே இருந்தாரோ அங்கேயே இருக்கட்டும்!"

கூட்டம் சிரித்தது. ஒவ்வோர் ஆண்டும் சிரிக்கிற இடம் அது.

"ஐயன் வெயிலில் நிற்கிறார். அம்மை மனம் இரங்க வேண்டும்!"

"தலையில் நதியை வைத்திருப்பவரை வெயில் என்ன செய்யும்?"

மறுபடியும் சிரிப்பு. ஓதுவார் தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் முறை பாடுவதுபோல் சொன்னார். "பொறுத்தாண்ட நாயகி என்பது அம்மையின் திருநாமம். இம்முறையும் பொறுத்தருள வேண்டும்!"

இப்போது அம்மையார், "பொறுத்தோம், எழுந்தருள்க" என்று சொல்லித் தாழை இழுக்க வேண்டும். கை தாழில் இருந்தது. இழுத்தால் அம்மையையும் இழக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வாய் திறந்தது. பன்னிரண்டு ஆண்டு சொன்ன சொல் வரவில்லை. வேறு சொல் வந்தது.

"பொறுக்கலை."

வெளியே மேளம் நின்றது. ஓதுவார் குழம்பிப்போனார். தம் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடியும் அதே வரியைச் சொன்னார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. மணியக்காரர் கதவருகே வந்து, "ஏ மஞ்சக்கை, நேரமாவுது, தொற" என்று அதட்டினார். கதவு திறக்கவில்லை. ஒரு நாழிகை ஆயிற்று. தோளில் பாரத்தோடு நின்றவர்களின் முதுகில் வியர்வை ஓடியது. சுவாமியைச் சுமக்கும்போது பேசக் கூடாது என்பது சீபாதந்தாங்கிகளின் நெறி. தில்லைமுத்து அன்று அதை மீறினார்.

"ஒப்பிலா! தோளு வலிக்குது. தொற புள்ள!"

கதவுக்கு உள்ளேயிருந்து அம்மையாரின் குரல் வந்தது. அது கோபமாக இல்லை. அழுதுகொண்டிருந்தார்.

"ஒரு நாழியில வலிக்குதுன்னு சொல்லிட்டீங்க. நான் ஒரு வருசமா சொல்லலங்க."

கூட்டத்தில் ஒரு சிரிப்புக்கூட எழவில்லை. குளத்தங்கரையில் கேலி பேசிய பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதைச் சொல்லி முடித்த அம்மையாருக்கு, தம் வீட்டுச் சண்டைக்காகச் சுவாமியை வெயிலில் நிறுத்திவிட்டோமே என்ற பயம் அப்போதுதான் வந்தது. "பாவி நான், என்ன பண்ணிட்டேன்" என்று சொல்லித் தாழைப் பிடித்து இழுத்தார். அது அவர் கையாலேயே எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த தாழ். தொட்டால் ஓடும். அன்று அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். கதவில் காலை ஊன்றி இழுத்தார். அசையவில்லை.

"சாமி, தாழு வரமாட்டேங்குது. கொஞ்சம் வெளக்கப் புடிங்க" என்று குருக்களைக் கூப்பிட்டார்.

குருக்கள் தீபத்தைத் தாழருகே கொண்டுவந்தார். தாழின் மேல், ஒப்பிலம்மையாரின் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, நான்கு விரல்களின் தடம் தெரிந்தது. ஈர மஞ்சள். குருக்கள் அம்மையாரின் கைகளைப் பார்த்தார். அவற்றில் இருந்தது பழைய கறை, உலர்ந்த கறை. அவர் கண்கள் விளக்கு மாடத்துக்குப் போயின. காலையில் வேண்டாம் என்று ஒதுக்கிய கிண்ணத்தில், யாரோ வழித்து எடுத்ததுபோல் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. குருக்கள் மெல்லத் திரும்பி அம்மையின் செப்புத் திருமேனியின் முன்னால் தீபத்தைத் தூக்கிப் பிடித்தார். காலையில் தம் கையாலேயே துடைத்துப் பட்டுடுத்திய திருமேனி அது. வலது உள்ளங்கை நிறைய மஞ்சள். விரலிடுக்கு வரைக்கும் மஞ்சள். தொட்டுப் பார்த்தார். நறநறத்தது.

குருக்கள் தட்டை வைத்துவிட்டுத் தரையில் விழுந்தார். வெளியே மணியக்காரர் கடப்பாறை கொண்டுவரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

"யாரும் கதவுல கை வைக்காதீங்கோ!" என்று குருக்கள் உள்ளேயிருந்து கதறினார். "தாழைப் பிடிச்சிண்டிருக்கிறது ஒப்பிலா இல்லே. அம்பாள்!"

நடந்ததை அவர் கதவு வழியே சொன்னார். வாசலில் இருந்த அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உள்ளே ஒப்பிலம்மையார் சுவரில் சாய்ந்து அம்மையின் கையையே பார்த்தார். எத்தனை வெள்ளிக்கிழமைகள், எத்தனை சுற்றுகள், பொறாமையை எடுத்துக்கொள் என்று கேட்டாரே! அம்மை ஏன் எடுக்கவில்லை என்று அப்போது விளங்கியது. அவளுக்கும் அது உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஊரைக் கூட்டிவைத்து அவள் கதவைச் சாத்துவதே அதனால்தான். தன்னிடமும் இருப்பதை மகளிடமிருந்து எப்படிக் குற்றம் என்று பிடுங்குவாள்? "நீயுமா அம்மா?" என்றார் அம்மையார். அழுகையினூடே ஒரு சிரிப்பும் வந்துவிட்டது.

வெளியே ஓதுவார் கைகூப்பியபடி, "பொறுத்தருள வேண்டும், பொறுத்தருள வேண்டும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டமும் சேர்ந்து சொன்னது. தாழ் அசையவில்லை.

அப்போது நீலாயி கதவருகே வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு அந்தக் கல்லு வேணாம்க்கா. நாந்தான் கேட்டு வாங்கித் தரச் சொன்னேன். ஊரே உங்களப் பாத்தா வழிவிடுது. என்னப் பாத்தா ஆத்தங்கரைக்காரின்னு ஒதுங்குது. உங்க கையில இருக்கற மஞ்சள் எங்கையில இருந்தா என்னயும் மனுசியா பாப்பாங்கன்னு நெனச்சேன். உங்க கையப் பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுதுக்கா."

ஒப்பிலம்மையாருக்கு இது புதுச் செய்தி. தம் வயிறு எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அடுத்த அறையில் இன்னொரு வயிறு எரிந்தது தெரியவில்லை. அவருக்குள் ஏதோ ஒன்று இளகியது. ஆனாலும் தாழ் இளகவில்லை. அம்மை காத்திருந்தது நீலாயியின் சொல்லுக்காகவும் இல்லை.

தில்லைமுத்துவின் கால்கள் தடுமாறின. பின்னால் நின்றவர்கள், "அண்ணே, விழுந்துரும்ண்ணே" என்று கூவினார்கள். தோளில் சுவாமி. எதிரில் கதவு. படியில் ஒரு மனைவி அழுகிறாள், கதவுக்குள் ஒரு மனைவி அழுகிறாள். இத்தனை நேரமும் ஊர் முழுதும் அம்மையைப் பொறுக்கச் சொல்லியே கெஞ்சியது. பிழை செய்தது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அது தில்லைமுத்துவுக்கு அந்த வெயிலில், அந்தப் பாரத்தின் கீழே உறைத்தது.

"தப்பு என்னுது!" என்று உரக்கச் சொன்னார். "அவகிட்ட ஒரு வார்த்த கேக்காம செஞ்சேன். இவள நம்ப வச்சுக் கூட்டியாந்து ஊர் வாயில போட்டேன். ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்ல. தப்பு என்னுது."

சொன்னது தில்லைமுத்துவின் வாய்தான். அவர் தோளில் இருந்தவர் சொல்லவில்லை என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியுமா? அந்தச் சொல் முடியும் முன், ஒருவர் கையும் படாமல், தாழ் தானாக ஓடித் திறந்தது. கதவு இரண்டு பக்கமும் விரிந்தது. வெயில் உள்ளே பாய்ந்து அம்மையின் மஞ்சள் கையில் விழுந்தது. முதலில் விழுந்து வணங்கியது மணியக்காரர்தான். "மஞ்சக்கை" என்று கூப்பிட்ட வாயால் அவர் ஒப்பிலம்மையாரை அன்றுதான் "அம்மா" என்றார்.

கல் ஒப்பிலம்மையாரிடமே இருந்தது. மாசியோடு அவர் பொறாமையும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். உள்ளறையில் சிரிப்புச் சத்தம் கேட்ட நாளுக்கு மறுநாள் மஞ்சள் கொஞ்சம் நறநறப்பாகத்தான் வந்தது. குருக்கள் ஒரு சொல் பேசாமல் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மைக்குச் சாத்தினார். அம்மையாரும் அதற்குப் பிறகு கூசவில்லை. "இன்னிக்குக் கொஞ்சம் எரிச்சலா இருக்கும்மா, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கொடுப்பார். நீலாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குக் கூட இருந்து எல்லாம் செய்தது ஒப்பிலம்மையார்தான். தீட்டு கழிந்த பிறகு நீலாயி காலையில் வந்து கிழங்கு கழுவிக் கொடுத்தாள். சில நாள் இருவரும் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். சில நாள் பேசாமல் செய்தார்கள். தில்லைமுத்துவின் தோளுக்கு எண்ணெய் தேய்க்க இருவருமே போகவில்லை. அவர் இடது கையால் தாமே தேய்த்துக்கொள்ளப் பழகினார்.

இன்றும் புங்கந்துறையில் ஊடல் உற்சவம் நடக்கிறது. அன்று மட்டும் அம்மைக்கு மஞ்சளை மையாக அரைப்பதில்லை, திப்பியோடு அரைத்துச் சாத்துகிறார்கள். மூன்றாம் முறை கேட்கும் ஓதுவார் இப்போது பொறுத்தருளச் சொல்வதில்லை. "பிழை எம்முடையது" என்கிறார். அதைக் கேட்ட பிறகே உள்ளே தாழ் ஓடும் ஒலி கேட்கிறது. அந்த ஒலியைக் கேட்கவென்றே சுற்றுவட்டாரத்துப் பெண்கள் தங்கள் கணவர்களைக் கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

நல்ல மனத்தை மட்டும் கொண்டுபோய்க் கடவுளிடம் கொடுப்பவர்கள் பலர். எரிகிற மனத்தையும் ஒளிக்காமல் அரைத்துக் கொடுத்து, அதை அம்மை தன் கையால் அள்ளிக்கொள்ளும் பேறு பெற்ற ஒப்பிலம்மையாரின் மஞ்சள் படிந்த விரல்களை நாமும் வணங்குவோம்.